ஏழாம் கட்டத்து முத்திரை

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருபத்து நான்கு வருஷம் இருந்தார். துப்பாக்கி தூக்கியது பயிற்சிக் காலத்தில் மட்டும்தான். அதற்குப் பிறகு தூக்கியதெல்லாம் ஃபைல். பக்கத்து வீட்டு அண்ணி தன் புருஷன் பீரங்கி வெடித்த கதைகளைச் சொல்ல ஆரம்பித்தால், என் பங்குக்கு நானும் "எங்க வீட்டுல குண்டூசி குத்தி ரத்தம் வந்த கதை ஒண்ணு இருக்கு" என்பேன். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார். கோபமே வராத மனுஷன் என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற வீட்டில் நான் எத்தனை பேருக்குச் சேர்த்துக் கோபப்பட்டிருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது.

கடைக்குப் போகிற பட்டியலைக்கூட இரண்டு பிரதி எழுதுவார். ஒன்று பைக்குள், இன்னொன்று வீட்டில். நான் ஒரு வாரம் என் தங்கை வீட்டுக்குப் போனால், கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, சாப்பிட வேண்டிய மாத்திரை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு தாளை நீட்டுவார். வேறு ஒருத்தியாக இருந்தால் கிழித்து எறிந்திருப்பாள். நான் வாங்கிக்கொள்வேன், ஏனென்றால் அந்தத் தாளில் இருப்பதை நான் நிச்சயம் மறந்திருப்பேன்.

நாங்கள் இருப்பது ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களின் குடியிருப்பு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், இரண்டிரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். எல்லோரிடமும் ஒரு மருத்துவ அட்டை உண்டு. அதைக் காட்டினால் ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியமும் மருந்தும் இலவசம். அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு சுற்றறிக்கை வரும், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று குறையும். ஒரு வருஷம் சத்து மாத்திரை போனது. அடுத்த வருஷம் மூக்குக் கண்ணாடி. பிறகு பல்செட். மருந்துச் சாளரத்தில் இருக்கும் பெண் தலையை நிமிர்த்தாமலே "ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்குங்க" என்பாள். வெளியில் விலையைக் கேட்டால் நல்ல மனுஷனுக்கே நெஞ்சு வலி வரும். அதனால் சாயங்காலம் நாலு கிழவர்கள் சேர்ந்தால் பேச்சு சண்டையைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ இருக்காது. அடுத்து எதில் கை வைப்பார்கள் என்பதுதான் பேச்சு.

அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுப்பவர் எங்கள் வீட்டுக்காரர்தான். காசு வாங்கமாட்டார். கிளார்க் சார் எழுதினால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. முன்னறையில் சட்டம் போட்டு மாட்டிய பாராட்டுக் கடிதம் ஒன்று இருக்கும். பட்டாளத்தை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கடைசி மருத்துவப் பரிசோதனை நடக்கும் முகாமில் இவர் ஆறு வருஷம் கிளார்க். 'நாளொன்றுக்கு எண்பது பேரைத் தாமதமின்றி அனுப்பிவைத்தமைக்காக' என்று அந்தக் கடிதத்தில் இருக்கும். மனு எழுத வருகிறவர்கள் அதன் கீழேதான் உட்காருவார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூட்டு வாதம். ஒரு காலத்தில் சீப்பைப் பிடிக்க முடியாமல் இவரே எனக்குத் தலை வாரிவிட்டிருக்கிறார், வகிடு ஒரு நாளும் நேராக வந்ததில்லை. அப்புறம் ஒரு ஊசி வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை. அதை ஃப்ரிட்ஜிலிருந்து அரைமணி நேரம் முன்பே எடுத்து மேசைமேல் வைத்து, குளிர் போன பிறகு இவரே தொடையில் போட்டுவிடுவார். அந்த ஊசி வந்த பிறகுதான் நான் மறுபடி மனுஷியானேன். அட்டை இருந்தால் இலவசம். வெளியில் வாங்கினால் ஒன்றுக்கே பென்ஷனில் பாதி. மாதம் இரண்டு என்றால் நாங்கள் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

ஊசி போட்டும் விரல் முழுசாகத் திரும்பவில்லை. இறுக்கமான மூடிகளைத் திறக்க வராது. அதனால் நான் அடிக்கடி எடுக்கும் மூன்று டப்பாக்களின் மூடியை மட்டும் இவர் அரம் வைத்துத் தேய்த்துத் தளர்த்தி வைத்திருக்கிறார்: டீத்தூள், சர்க்கரை, உப்பு. மற்றதெல்லாம் காலையிலேயே அவர் திறந்து கொடுத்துவிட்டுப் போவார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பீரங்கி அண்ணன். பதினேழு வருஷம் பீரங்கிப் படையில் இருந்தவர். ஆறடி உயரம், தெருக்கோடி வரை கேட்கும் குரல். குரல் பெரிதானதற்குக் காரணம், அவர் காதில் எதுவும் விழுவதில்லை. ஒரு தடவை நான் குளியலறையில் முட்டி பூட்டிக்கொண்டு விழுந்துகிடந்தேன். இவர் ஓடிப்போய் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததும், ஒற்றைத் தோளால் கதவைப் பெயர்த்து, என்னைப் போர்வையில் சுருட்டி வண்டிவரை தூக்கிப்போனவர் அவர்தான். அதற்கு நன்றி சொன்னபோது, "என்ன தங்கச்சி? சத்தமா சொல்லு!" என்றார். மூன்று தடவை நன்றி சொன்ன பிறகு, நான்காவதாகச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன மழையில் அவருடைய காது மிஷின் நனைந்து செத்துப்போனது. புதிது கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த வருஷத்துச் சுற்றறிக்கை காது மிஷினில் கை வைத்திருந்தது. பட்டாளத்தில் இருந்தபோதே காது கெட்டது என்று ஓய்வுக் காகிதத்தில் பதிவு இருந்தால்தான் இலவசம், இல்லாவிட்டால் முழு விலையும் சொந்தப் பொறுப்பு. கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: பொய்யான பதிவு செய்தவர்களின் அட்டை ரத்து செய்யப்படும். அந்த வரியை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பீரங்கி அண்ணன் தன் ஓய்வுக் காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாராட்டுக் கடிதத்தின் கீழே உட்கார்ந்து தாளை நீட்டினார். ஏழாம் கட்டத்தில், 'தற்போது உடலில் உள்ள கோளாறுகள்' என்பதற்கு எதிரே, ஊதா மையில் 'ஏதுமில்லை' என்று ஒரு முத்திரை.

"பாத்தியா கிளார்க்கு! எனக்கு அப்பவே ரெண்டு காதுலயும் வண்டு கத்துற மாதிரி கத்தும். டாக்டர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எவன் கேட்டான்? எவனோ ஒரு புண்ணியவான் சீல அடிச்சுக் கையில குடுத்துட்டான்!"

இவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முத்திரையின் கடைசி எழுத்தில் ஒரு ஓரம் எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தது. அந்த எலி கடித்த எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பொத்தான் டப்பாவில்தான் அது கிடக்கிறது. எங்கள் மகள் சின்ன வயதில் டீச்சர் விளையாட்டு விளையாடும்போது அதைத்தான் நோட்டு முழுக்க அடித்துக்கொண்டிருப்பாள்.

"மனு எழுதிடலாம் அண்ணே" என்று மட்டும் இவர் தாளில் எழுதிக் காட்டினார்.

அண்ணன் போன பிறகு, நான் கேட்காமலே இவராகச் சொன்னார். முகாமில் டாக்டர் ஒருவர், ஆட்கள் எண்பது பேர். ஏழாம் கட்டத்தில் ஏதாவது எழுதினால் அந்த ஆளை மருத்துவக் குழு பார்க்க வேண்டும், குழு கூட ஒரு மாதமாகும், அதுவரை முகாமிலேயே கிடக்க வேண்டும். பதினைந்து இருபது வருஷம் வீட்டைப் பிரிந்தவர்கள் கையில் ரயில் டிக்கெட்டோடு நிற்பார்கள். "என்ன கோளாறு?" என்று கேட்டால் ஒருவர் விடாமல் "ஒண்ணும் இல்ல சார், சீக்கிரம் விடுங்க" என்பார்கள். முதல் வருஷம் ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் எழுதினார். இரண்டாம் வருஷம் கடைத்தெருவில் சொந்தக் காசில் முத்திரை செய்து வாங்கினார். மூன்றாம் வருஷம் கேட்பதையே விட்டுவிட்டார். ஆட்கள் வருவதற்கு முந்தின நாளே தாள்களை அடுக்கி வைத்து வரிசையாக அடித்துவிடுவார். டாக்டர் கீழே கையெழுத்துப் போடுவார்.

"நல்லது பண்றதா நெனச்சேன்" என்றார். "எல்லாரும் என்னை வாழ்த்திட்டுத்தான் போனாங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு. "அந்தச் சீல் நம்ம வீட்டுல இருக்கிறது யாருக்கும் தெரியாதில்ல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மனு மேல விசாரணை வரும், அதுக்கு அதை எடுத்துட்டுப் போகணும். அது பொருந்துதுன்னு காட்டினாத்தான் கேக்காமலே அடிச்சதுன்னு நம்புவாங்க. அப்பதான் அண்ணனுக்குக் கிடைக்கும்."

"அந்தக் கடைசி வரிய படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அட்டைய எடுத்துட்டா என் ஊசி?"

நான் விடவில்லை. அண்ணனுக்குக் காது கேட்காவிட்டால் உயிரா போய்விடும், இத்தனை வருஷம் சமாளிக்கவில்லையா, நமக்கு முதலில் நம் பிழைப்பு என்று அடுக்கிக்கொண்டே போனேன். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய தோள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அது தெரிந்தேதான் பேசினேன். அந்தப் பக்கம் எதுவும் கேட்காது என்ற தைரியத்தில் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. இதை இப்போது எழுதும்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து முத்திரையை எடுத்தேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து அடிவரை அமுக்கிவிட்டு மேலே சமப்படுத்தினேன். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவரிடம் நான் ஒளித்த பொருள் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து அவர் பொத்தான் டப்பாவில் தேடினார். அலமாரியில் பார்த்தார், மேசை இழுப்பறையில் பார்த்தார். "சீலைப் பாத்தியா?" என்று ஒருமுறை கேட்டார். "நான் ஏன் அதைத் தொடப்போறேன்?" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அண்ணனிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. விசாரணைக்கு முந்தின வாரம் ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் நீட்டினார். நானும் கூடப் போனேன், அவர் அளவுக்கு மீறி எதையும் சொல்லிவிடக் கூடாதே என்று. பீரங்கி அண்ணன் தாளைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்து முடித்து மடியில் வைத்தார். அப்புறம் இவர் முதுகில் ஒரு அறை விட்டார்.

"அட, நீதானா அந்தப் புண்ணியவான்!" என்று சிரித்தார். "விடு கிளார்க்கு. அன்னிக்கு நீ கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். பொண்ணு பொறந்திருக்குன்னு தந்தி வந்த வாரம் அது. ஒரு மாசம் எவன் முகாம்ல கெடப்பான்?"

ஒரு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றவர் அவரேதான். இவர் மனசு நோகக் கூடாது என்று மாற்றிச் சொல்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. இவர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அண்ணி கொடுத்த டீயில் சர்க்கரை போதவில்லை என்று எதையோ உளறினேன்.

விசாரணைக்கு இருவரும் போனார்கள். இவர் விசாரணைக் குழுவின் முன்னால் நின்று, அந்த முத்திரையை அடித்தது நான்தான், யாரையும் கேட்காமல் அடித்தேன் என்று சொல்லியிருக்கிறார். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு ராணுவ டாக்டர். "பக்கத்து வீட்டுக்காரர் இப்படி சாட்சி சொல்றது புதுசு இல்ல. அந்த முத்திரை எங்க?" என்று கேட்டாராம். "கிடைக்கவில்லை ஐயா" என்று இவர் சொன்னாராம். மனு தள்ளுபடி. ஆதாரம் ஏதாவது கிடைத்தால் மூன்று மாதத்துக்குள் மறுபடி வரலாம். நிரூபணமாகாததால் இவர்மீதும் நடவடிக்கை இல்லை, அட்டையும் பத்திரம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. வெட்கங்கெட்ட உடம்பு.

வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது பீரங்கி அண்ணன் என்னிடம் சொன்னார்: "உன் புருஷன் சிங்கம் தங்கச்சி! எனக்காக அத்தனை பேர் முன்னாடி தலைய குனிஞ்சு நின்னான். மிஷின் கெடக்குது கழுதை. இப்படி ஒரு மனுஷன் பக்கத்துல இருக்கான், அது போதும்." தெருவே கேட்கும்படி சொன்னார். இவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ச் சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணியோடு அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, வெளியூரில் இருக்கும் அவர்கள் மகள். அண்ணி அடுப்படியில் இருந்ததால், போனில் மினுக்கிய வெளிச்சத்தைப் பார்த்து அண்ணனே எடுத்தார். காதில் வைத்துக்கொண்டு வழக்கம்போல, "ஆமாம்மா... நல்லது நல்லது... சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்று சிரித்த முகமாகப் பேசினார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குப் போனில் அந்தப் பெண் அழுவது கேட்டது. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை என்று சொல்லி அழுகிறாள். அண்ணன் மறுபடியும் "நல்லது கண்ணு, எல்லாம் நல்லபடியா நடக்குது" என்றார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். "நல்லா இருக்காளாம்" என்று என்னிடம் சொன்னார்.

நான் அண்ணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அண்ணி தாளில் எழுதிக் காட்டினாள். அந்தப் பெரிய உடம்பு அப்படியே நாற்காலியில் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். திரும்பக் கூப்பிட்டால் மகள் எடுக்கவில்லை. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேராக அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து கையை விட்டேன். விரலில் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. நான் முத்திரையை வெறுமனேதான் உள்ளே போட்டேன். இப்போது அது ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. சர்க்கரையில் மை ஒட்டாதபடி வாயை இரண்டு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அந்த மடிப்பை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மடிப்பார்.

எனக்குத் திறக்க வருகிற டப்பா இந்த வீட்டில் மூன்றே மூன்று. அவரே தேய்த்துத் தளர்த்தியவை. அவருக்குத் தேட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

முன்னறைக்கு வந்து உறையோடு மேசைமேல் வைத்தேன். அவர் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"எப்பப் பாத்தீங்க?"

"நீ தொடலைன்னு சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே."

"பின்ன ஏன் கிடைக்கலைன்னு சொன்னீங்க?"

பேனாவை மூடினார். "விசாரணைக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை" என்றார். "உனக்கு ஊசி."

நான் அழுதேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல், குழுவின் முன்னால் பொய் சொல்லி, வீட்டுக்கு வந்து சிங்கம் என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, இந்த மனுஷன் எத்தனை நாள் இதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்! பாவத்தை நான் மட்டும் செய்ததாக நினைத்தேன். பாதியை அவரும் எடுத்துக்கொண்டிருக்கிறார். பிரதி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மூன்று மாதக் கெடு முடிய ஒன்பது நாள் இருந்தபோது மறு மனு போட்டோம். இந்தத் தடவை நானும் போனேன். முத்திரையை ஒளித்தது நான் என்று என் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலைவர் ஊதா மையில் ஒரு முறை அடித்துப் பார்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பழைய தாளோடு ஒப்பிட்டார். எலி கடித்த இடம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஆதாரத்துக்கு ஆதாரமாகச் சட்டத்திலிருந்து கழற்றிய பாராட்டுக் கடிதத்தையும் இவர் வைத்தார். ஒரு டாக்டர் ஒரு நாளில் எண்பது பேரைக் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்க முடியுமா என்று அவர்களே யோசிக்கட்டும் என்றார்.

"இப்படி எத்தனை பேருக்கு அடிச்சீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றார் இவர். கடைப் பட்டியலுக்குப் பிரதி வைக்கிற மனுஷன்.

அண்ணனின் காது பட்டாளத்தில் கெட்டதுதான் என்று தீர்ப்பு எழுதினார்கள். அதே கடிதத்தோடு எங்களுக்கும் ஒன்று வந்தது: பொய்ப் பதிவு குறித்த விசாரணை முடியும்வரை எங்கள் அட்டை நிறுத்தி வைக்கப்படுகிறது. விசாரணை எப்போது முடியும் என்று அதில் இல்லை. அண்ணனிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை. அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று தாளில் எழுதிக் காட்டினோம். தெரிந்தால் அந்த மிஷினைக் கழற்றிக் குழுவின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

அதோடு முடியவில்லை. விஷயம் காதோடு காதாகப் பரவி, மற்ற தெருக்களிலிருந்தும் கிழவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மடித்துக் கசங்கிய ஓய்வுக் காகிதம். வாசலிலேயே ஏழாம் கட்டத்தை விரித்துக் காட்டுவார்கள். ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்கு முதுகெலும்பு, ஒருவருக்கு ஒரு கண். எலி கடித்த எழுத்து இருந்தால் இவர் அந்த இடத்திலேயே சாட்சிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு கடிதமும் இவருடைய விசாரணை ஃபைலில் இன்னொரு பக்கம். சிலர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், சிலர் திட்டுவார்கள். முதுகெலும்புக்காரர் நான் வைத்த டீயைத் தொடவே இல்லை. "முப்பது வருஷம் என் சொந்தக் காசுல பெல்ட் வாங்கிக் கட்டினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். ஆறிப்போன அந்த டீயை நான்தான் குடித்தேன், ஏன் என்று தெரியவில்லை.

இப்போது ஊசி நின்று ஒன்பது வாரம். மாத்திரையில் ஓட்டுகிறேன். விரல்கள் காலையில் மடங்குவதில்லை, மடங்கினால் நிமிர்வதில்லை. இதை எழுதவே பத்து நாள் ஆகிறது. முத்திரையைக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று தோன்றுகிற காலைகளும் உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன். வெள்ளிக்கிழமை அந்த நேரம் வந்தால் இவர் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். போகும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன கிளார்க்கு, குத்தியாச்சா?" என்று பீரங்கிக் குரல் வரும். "ஆச்சு அண்ணே" என்பார். புது மிஷின் வந்துவிட்டதால் இப்போது அவருக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

போன வெள்ளிக்கிழமை இவர் போன பிறகு டீ போடலாம் என்று சர்க்கரை டப்பாவை எடுத்தேன். அந்தத் தளர்ந்த மூடிகூட வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகியதில் கட்டைவிரலில் மின்னல் அடித்தாற்போல ஒரு வலி, என்னையறியாமல் "அம்மா" என்று முனகிவிட்டேன். சத்தமாகக்கூட இல்லை. இத்தனை வருஷமும் அந்தச் சுவரோரம் நின்று எவ்வளவோ முனகியிருக்கிறேன்.

"தங்கச்சி!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்னம்மா ஆச்சு? கை வலிக்குதா?"



"ஒண்ணும் இல்லண்ணா" என்றேன்.

"கிளார்க்கு ஊசி போட்டானா இல்லையா?"

"போட்டாச்சு. எனக்கு ஏதும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது, அதன்பின் எங்கள் வாசல் கேட். நான் டப்பாவை அவசரமாக அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.